ஒரே விண்வெளி உலகம், ஐந்து கதைகள்: சிறுவர் காமிக்ஸ் தொகுப்பு தயாரிக்கும் முறை

ஆந்திரத்தின் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் ஏவுதளத்துக்கு அருகே, வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பேசி வளரும் சூலூர்பேட்டை, தடா பகுதிக் குழந்தைகள் ராக்கெட் ஏவும் நாளில் மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர்கள். வெளிச்சத்துக்கு வெகுநேரம் பிந்தி வந்து சேரும் அந்த இரைச்சலும் அவர்களுக்குப் பழக்கமானது. ஆயினும் விண்வெளிக் கதை ஒன்று வரையச் சொன்னால், திரைப்படங்களில் பார்த்த ஒளிவாள் வீரர்களையே பலரும் வரைகிறார்கள். அந்த ஆசையைத் தடுக்க வேண்டியதில்லை. பெரிய விண்வெளித் திரைப்படத் தொடர்களை ஒட்டிச் சிறுவர்களுக்காக வெளிவரும் காமிக்ஸ் தொகுப்புகள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று கவனித்து, அதே கட்டமைப்பில் தங்களுக்கென ஓர் உலகத்தை அவர்கள் படைக்க நாம் உதவலாம். எட்டு ஏ4 தாள்களில் 32 பக்கத் தொகுப்பு ஒன்றைத் தயாரிக்க விரும்பும் ஆசிரியர்களையும் நூலகர்களையும் பெற்றோரையும் கருதி இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் ஐடிடபிள்யூ என்ற காமிக்ஸ் பதிப்பு நிறுவனம் 2017-இல் தொடங்கிய ‘ஸ்டார் வார்ஸ் அட்வென்சர்ஸ்’ இதழ்களை முன்மாதிரியாகக் கொள்ளலாம். அவற்றில் ஒரு முதன்மைக் கதையும், அதைத் தொடர்ந்து ஒரு குறுங்கதையும் வந்தன. தொடக்க இதழ்களின் குறுங்கதைகளைச் சொல்வதற்கென்றே ஒரு கதைசொல்லிப் பாத்திரமும் இருந்தது. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டே கதை சொல்லும் வேதாளத்தை அறிந்த நம் வாசகர்களுக்கு இந்த உத்தி புதிதன்று. இவற்றையும்விட முக்கியமானது வேறொன்று. திரைப்படத்தில் நடந்து முடிந்த போரையோ மரணத்தையோ மாற்றும் உரிமை காமிக்ஸ் எழுத்தாளருக்கு இல்லை. எனவே அவர் அந்தப் பெரிய நிகழ்ச்சிகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளுக்குள் நுழைந்து, ஓரத்தில் நிற்கும் சிறிய மனிதர்களின் கதைகளைத் தேடிப் போகிறார். குழந்தைகளின் தொகுப்புக்கும் இந்தக் கட்டுப்பாடுதான் முதுகெலும்பு என்பது என் உறுதியான கருத்து. ஆளுக்கு ஒரு கதையை விருப்பம்போல் எழுதவிட்டால், ஐந்து கதைகளிலும் ஐந்து முறை உலகம் அழிந்து, தொகுப்பு என்று சொல்ல எதுவும் மிஞ்சாது.

ஆகவே, படம் வரைவதற்கு முன் குழு முழுவதும் சேர்ந்து ஓர் உலகக் குறிப்பேட்டை எழுத வேண்டும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில், யாரும் மாற்றக்கூடாத ஒரே ஒரு பெரிய நிகழ்ச்சியை எழுதுங்கள். எடுத்துக்காட்டாக, செவ்வாய்க் கோளின் வறண்ட உப்புப் படுகை ஒன்றின் கரையில் உள்ள குடியிருப்பிலிருந்து பூமிக்குத் திரும்பும் முதல் கப்பல் நாளை காலை புறப்படப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து கதைகளும் அந்த ஒரே இரவில் நடக்கின்றன. கப்பல் புறப்படுமா என்பது கேள்வி அல்ல, அது புறப்பட்டே தீரும். அந்த இரவில் சமையற்கூடத்தில் இருப்பவர், குழாய் பழுதுபார்ப்பவர், பூமிக்குப் போக இடம் கிடைக்காத சிறுமி ஆகியோருக்கு என்ன நேர்கிறது என்பதையே ஒவ்வொரு குழந்தையும் எழுத வேண்டும்.

அடுத்த பக்கங்களில் அந்த உலகத்தின் விதிகளை எழுதுங்கள். உண்மையான அறிவியல் இங்கே கதைக்குத் தீனி போடும். செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 38 சதவீதமே. அதன் ஒரு நாள் நம்முடையதைவிட ஏறத்தாழ 40 நிமிடம் நீளமானது. அதன் துணைக்கோளான போபோஸ், செவ்வாய் தன்னைத்தானே சுற்றுவதைவிட வேகமாக அதைச் சுற்றிவருவதால் மேற்கில் உதித்துக் கிழக்கில் மறைகிறது. அங்கிருந்து பூமிக்கு ஒரு செய்தி வந்து சேர, இரண்டு கோள்களும் இருக்கும் தொலைவைப் பொறுத்து, 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். ராக்கெட்டை ஏன் கிழக்கு நோக்கி ஏவுகிறார்கள் என்று கேட்டால், நம் பகுதிக் குழந்தைகள் ஸ்ரீஹரிகோட்டாவைக் கொண்டே பதில் கண்டுபிடிப்பார்கள்: மேற்கிலிருந்து கிழக்காகச் சுழலும் பூமி ராக்கெட்டுக்குத் தன் வேகத்தையும் கொடுக்கிறது, எரிந்து கழலும் பகுதிகள் விழுவதற்குக் கிழக்கே வங்கக் கடல் இருக்கிறது. செவ்வாயும் அதே திசையில் சுழல்வதால் இந்த விதி அங்கும் பொருந்தும். ஏவும் நாளில் கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு எச்சரிக்கை விடுப்பதுகூட, செவ்வாயில் உப்பு அள்ளப் போகும் ஒருவரின் கதையாக மாறலாம்.

பக்கங்களைப் பிரிப்பதில் அவசரம் கூடாது. நடுவில் மடித்துப் பின் அடிக்கும் புத்தகத்தில் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காகவே அமையும். 32 பக்கங்களில் முதல் பக்கம் அட்டை, இரண்டாவது உலக வரைபடம், மூன்றாவது கதைசொல்லியின் அறிமுகம். 4 முதல் 11 வரை இரண்டு குறுங்கதைகள், 12 முதல் 21 வரை முதன்மைக் கதை, 22 முதல் 29 வரை மேலும் இரண்டு குறுங்கதைகள். 30-இல் கதைசொல்லி விடைபெறுவார், 31-இல் பங்கேற்ற எல்லோரின் பெயரும் இடம்பெறும், 32 பின்னட்டை. முதன்மைக் கதையை நடுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு: 16, 17 ஆகிய இரண்டு பக்கங்களும் ஒரே தாளில் அடுத்தடுத்து வருவதால், கப்பல் புறப்படத் தயாராக நிற்கும் பெரிய படத்தை வெட்டு விழாமல் இரு பக்கத்துக்கும் சேர்த்து வரையலாம்.

குறுங்கதைக்கு நான்கு பக்கம் என்பது குறைவாகத் தோன்றும், ஆனால் அந்தக் குறுக்கம் நல்லது. ஒரு கதையை அருகிலிருந்து பார்ப்போம். குழாய் பழுதுபார்க்கும் அக்கா, பூமியில் இருக்கும் தம்பியிடம், “அங்கே மழை பெய்கிறதா?” என்று ஒலிவாங்கியில் கேட்கிறாள். அடுத்த மூன்று கட்டங்களில் வசனமே இல்லை: சுவர்க் கடிகாரம், அவள் மாட்டும் கையுறை, திறக்கும் கதவு. இது ஐந்தாம் பக்கத்தின் கடைசிக் கட்டம். வாசகர் தாளைப் புரட்டினால், ஆறாம் பக்கத்தில் யாருமற்ற அறையில் தம்பியின் குரல் மட்டும் ஒலிக்கிறது. திருப்பம் எதுவானாலும் இரட்டைப்படைப் பக்கத்தில் வைக்க வேண்டும், ஏனெனில் புரட்டிய பிறகே அது கண்ணில் படும்.

வசனத்தை முதலில் எழுதி, அதைச் சுற்றிப் பேச்சுக்குமிழ் வரைய வேண்டும். குமிழை வரைந்துவிட்டு எழுத்தைத் திணித்தால் நீளமான தமிழ்ச் சொற்கள் நசுங்கிவிடும். ஒரு கட்டத்தில் 15 சொற்களுக்கு மேல் வேண்டாம். குடியிருப்பின் பாட்டி தெலுங்கில் “ஏமைந்தி?” (என்ன ஆயிற்று?) என்று கேட்டால் அதைத் தமிழ் எழுத்தில் அப்படியே விட்டுவிடலாம், இங்குள்ள வாசகர்களுக்குப் பொருள் சொல்லத் தேவையில்லை. தமிழ் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாத குழந்தைகள் நம் பகுதியில் நிறைய உண்டு. அவர்களைப் படம் வரைவதற்கு மட்டும் ஒதுக்கிவிடாமல், அவர்கள் வாயால் சொல்லும் வசனத்தை மற்றொருவர் எழுதித் தர வேண்டும்.

ஒவ்வொரு பக்கத்தையும் ஏ4 அளவில் வரைந்து, ஜெராக்ஸில் 71 சதவீதமாகச் சுருக்கினால் ஏ5 ஆகிவிடும். பென்சில் கோடு ஜெராக்ஸில் சரியாக விழாது என்பதால் எல்லாக் கோடுகளையும் கறுப்புப் பேனாவால் தடிப்பாக இழுத்துவிட வேண்டும், நாற்புறமும் விளிம்பு விட வேண்டும். தாளின் ஒரே முகத்தில் அருகருகே வரும் இரண்டு பக்க எண்களைக் கூட்டினால் எப்போதும் 33 வர வேண்டும். வெளித்தாளின் ஒரு முகத்தில் 32-உம் 1-உம், மறுமுகத்தில் 2-உம் 31-உம் என்று ஒட்டி, முதலில் ஒரே ஒரு பிரதியை மடித்துப் பார்த்துவிட்டு மற்றவற்றை எடுங்கள். சிறிய ஸ்டேப்ளர் மடிப்பு வரை எட்டாது. நீளக்கை ஸ்டேப்ளர் கிடைக்காவிட்டால் ஊசியும் தடித்த நூலும் கொண்டு மூன்று துளையில் தைக்கலாம்.

திரைப்படத் தொடர்களின் பாத்திரங்களையும் சின்னங்களையும் குழந்தைகள் பயிற்சிக்காக வரையட்டும், ஆனால் அவற்றை அச்சிட்டு விற்க உரிமையாளரின் அனுமதி வேண்டும். சொந்த உலகத்தைப் படைத்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. பள்ளி ஆண்டு விழாவில் ஜெராக்ஸ் செலவுக்கு ஈடான விலையில் பிரதிகளைக் கொடுக்கலாம். முதல் இதழ் வெளியான பிறகு, ஐந்து கதைகளிலும் புதிதாகத் தோன்றிய பெயர்கள், இடங்கள், கருவிகள் அனைத்தையும் ஒரே குழந்தையின் பொறுப்பில் குறிப்பேட்டில் ஏற்றிவிடுங்கள். இரண்டாம் இதழை எழுத வருபவர்கள் அந்தப் பக்கங்களைப் படித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.