உடல் பருமனும் கேன்சரும்: புள்ளிவிவரம் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அமெரிக்காவில் வரும் கேன்சர்களில் 40 சதவீதத்துக்குக் காரணம் உடல் பருமன்." இந்த வரியை நீங்களும் எங்கேயாவது படித்திருக்கலாம். இது தவறு, சின்னத் தவறும் இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2017 அக்டோபரில் சொன்னது வேறு. 2014-இல் அங்கே கண்டறியப்பட்ட கேன்சர்களில் ஏறத்தாழ 40 சதவீதம், அதாவது சுமார் 6,30,000 பேருக்கு வந்தவை, அதிக எடையோடு தொடர்புள்ள வகைகளைச் சேர்ந்தவை என்றுதான் அந்த அறிக்கை சொன்னது. தொடர்புள்ள வகை என்பதற்கும் அதனால்தான் வந்தது என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த 'வகைகள்' எங்கிருந்து வந்தன? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் 13 வகைக் கேன்சர்களைப் பட்டியலிட்டு, அதிக எடையோடு இவற்றுக்குத் தொடர்பு உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது என்றது. பெருங்குடல், மலக்குடல், கர்ப்பப்பை உட்சுவர், சினைப்பை, மெனோபாஸுக்கு (மாதவிடாய் நிற்பதற்கு) பிந்தைய மார்பகம், சிறுநீரகம், கல்லீரல், பித்தப்பை, கணையம், தைராய்டு, உணவுக்குழாயில் அடினோகார்சினோமா எனும் ஒரு வகை, இரைப்பையின் மேல்பகுதி, ரத்தக் கேன்சரில் ஒரு வகையான மல்டிபிள் மைலோமா, மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா. (பெருங்குடலும் மலக்குடலும் அதில் ஒன்றாகத்தான் எண்ணப்படுகின்றன.) இந்த வகைகளில் ஒன்று யாருக்கு வந்தாலும் அவர் அந்த 40 சதவீதத்துக்குள் வந்துவிடுவார், எலும்பும் தோலுமாக இருப்பவர் உட்பட. கேன்சர் பதிவேடுகளில் நோயாளியின் எடை பெரும்பாலும் இருக்கவே இருக்காது.

சரி, உண்மையில் அதிக எடையால் வந்தவை என்று கணக்கிட முடிகிற பங்கு எவ்வளவு? அதே 2014-க்கு, 30 வயதைத் தாண்டிய அமெரிக்கர்களிடம் 7.8 சதவீதம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். புகைபிடித்தலின் பங்கு 19 சதவீதம். உலகம் முழுவதற்கும் 2012-க்குச் செய்த மதிப்பீட்டில் அதிக எடையின் பங்கு 3.6 சதவீதம், கிட்டத்தட்ட 4,81,000 பேர். இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், கீமோ ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும் ஒருவரிடம் "உடம்பைக் கவனிச்சிருந்தா இது வந்திருக்குமா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டத்துக்குப் போட்ட கணக்கை வைத்து, ஒரு தனி மனிதருக்கு நோய் ஏன் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

அதற்காக, 7.8 தானே என்று அலட்சியமாக இருப்பதும் தவறுதான். அது எல்லாக் கேன்சர்களையும் கலந்து எடுத்த சராசரி. கர்ப்பப்பை உட்சுவர் கேன்சரை மட்டும் எடுத்தால் பங்கு சுமார் 60 சதவீதம். உயரத்தோடு எடையை ஒப்பிடும் பிஎம்ஐ என்ற அளவு 40-ஐத் தாண்டிய பெண்களுக்கு அந்தக் கேன்சர் வரும் வாய்ப்பு சரியான எடையில் இருப்பவர்களைவிட ஏழு மடங்கு. பெருங்குடலில் அதிக எடையால் கூடும் ஆபத்தோ 1.3 மடங்குதான். ஏழையும் 1.3-ஐயும் ஒரே பெயரில் கட்டிவைத்துக்கொண்டு 'உடல் பருமன் கேன்சர்கள்' ஏறுகின்றன, இறங்குகின்றன என்று பேசினால் ஒன்றும் புரியாது.

போக்கைப் பார்க்கும்போது இந்தக் கலவை இன்னும் ஏமாற்றும். 2005 முதல் 2014 வரை அமெரிக்காவில் பெருங்குடல், மலக்குடல் கேன்சர் 23 சதவீதம் குறைந்தது. ஆட்கள் மெலிந்துவிடவில்லை, ஸ்கிரீனிங்கில், அதாவது அறிகுறி வரும் முன்பே செய்யும் பரிசோதனையில், பாலிப் எனும் சதை வளர்ச்சிகளைக் கேன்சராக மாறும் முன்பே எடுத்துவிட்டதுதான் முக்கியக் காரணம். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் மற்ற வகைகள் 7 சதவீதம் கூடியிருந்தன. தைராய்டு இதற்கு நேர் எதிர். தென் கொரியாவில் 1993-க்கும் 2011-க்கும் இடையே தைராய்டு கேன்சர் 15 மடங்கு ஆனது, ஆனால் அதனால் இறப்பவர்களின் விகிதம் அப்படியே நின்றது. ஸ்கேன் அதிகமாக எடுத்தார்கள், அதனால் அதிகமாகக் கண்டுபிடித்தார்கள், அவ்வளவுதான். ஒரு வரைபடம் மேலே ஏறினால் முதலில் இறப்பு வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2020-இல் மட்டும் கோடு சட்டென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படவும் வேண்டாம், கோவிட் காலத்தில் பலர் பரிசோதனைக்கே போகவில்லை.

ஆண், பெண் ஒப்பீட்டில் நடக்கும் தவறு இது. அதே சிடிசி அறிக்கையில் பெண்களின் கேன்சர்களில் 55 சதவீதம், ஆண்களின் கேன்சர்களில் 24 சதவீதம் இந்த வகைகள் என்று இருந்தது. உடனே, எடை பெண்களைத்தான் பாதிக்கும், ஆண்களுக்குப் பயமில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். மார்பகம், கர்ப்பப்பை, சினைப்பை மூன்றும் பட்டியலில் இருக்கின்றன. ஆண்களுக்கு அங்கே அதிகம் வரும் புராஸ்டேட் பட்டியலில் இல்லை. சதவீதம் அப்படி வந்ததற்கு அதுவே பெரும்பாலான காரணம். கல்லீரல், சிறுநீரகம், உணவுக்குழாயின் அடினோகார்சினோமா மூன்றும் ஆண்களுக்குத்தான் அதிகம். மார்பகத்திலும் ஒரு திருப்பம் உண்டு. மெனோபாஸுக்கு முன் எடை கூடியவர்களுக்கு மார்பகக் கேன்சர் ஆபத்து சற்றுக் குறைவாகவே தெரிகிறது, அதற்குப் பின்தான் கூடுகிறது, ஏனென்றால் மார்பகக் கேன்சரைத் தூண்டக்கூடிய ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சினைப்பை சுரப்பதை நிறுத்திய பிறகு அதைத் தயாரிக்கும் முக்கிய இடம் கொழுப்புத் திசுதான். எல்லா வயதுப் பெண்களையும் ஒன்றாகக் கூட்டினால் இந்த இரண்டும் ஓரளவுக்கு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

வயதுக்கு வருவோம். 1995 முதல் 2014 வரையிலான அமெரிக்கத் தரவில், 25 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடம், பார்த்த 12 வகைகளில் ஆறு கூடியிருந்தன, அதுவும் வயது குறையக் குறைய வேகம் அதிகம். 20-களின் பிற்பகுதியில் இருப்பவர்களுக்குக் கணையக் கேன்சர் ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல் கூடியது. படித்தால் பதறும். ஆனால் அந்த வயதில் கணையக் கேன்சர் மிக மிக அரிது, சின்ன எண்ணிக்கையின் மேல் சதவீதம் எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். இந்தப் பட்டியலில் உள்ள கேன்சர் வருபவர்களில் மூன்றில் இரண்டு பேர் 50 முதல் 74 வயதுக்காரர்கள். எண்ணிக்கை சின்னது என்று ஒதுக்கிவிடவும் கூடாது, ஏனென்றால் ஒரு தலைமுறை 30 வயதில் சுமக்கும் ஆபத்து அதே தலைமுறையோடு 60 வயதுக்கும் நடந்து வரும். அப்புறம், இளம் வயதுப் பெருங்குடல் கேன்சர் முழுவதையும் எடையின் தலையில் போடாதீர்கள், மெலிந்தவர்களுக்கும் அது வருகிறது. ஸ்கிரீனிங் தொடங்கும் வயதை 2021-இல் அமெரிக்க வல்லுநர் குழு 50-லிருந்து 45-க்குக் குறைத்தது எல்லோருக்கும்தான், பருமனானவர்களுக்கு மட்டும் இல்லை.

இனக்குழு ஒப்பீடுதான் எனக்கு அதிகம் கவலை தருவது. 'ஆசியர்' என்ற ஒரு கட்டத்துக்குள் இந்தியர், சீனர், ஜப்பானியர், வியட்நாமியர் எல்லோரையும் அடைத்துவிட்டு சராசரி எடுக்கிறார்கள். கிழக்கு ஆசியாவிலிருந்து வந்தவர்களின் கல்லீரல் கேன்சருக்குப் பின்னால் பெரும்பாலும் ஹெபடைடிஸ் பி எனும் வைரஸ் தொற்று இருக்கும், அது எடை சம்பந்தப்பட்டதே இல்லை. ஆசியாவில் அதிகம் வரும் உணவுக்குழாய் கேன்சர் ஸ்குவாமஸ் எனும் வேறொரு வகை, பட்டியலில் இருப்பது அடினோகார்சினோமா. ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்களின் சராசரி வயது குறைவு என்பதால் வயதைச் சரிக்கட்டாத விகிதத்தைப் பார்த்தால் அவர்களுக்கு நோயே குறைவு என்று தோன்றும். பிஎம்ஐ-யும் எல்லா உடலுக்கும் ஒரே அர்த்தம் தராது. ஆசிய மக்களுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொன்னது. 24 இருக்கிறதே, வழக்கமான எல்லையான 25-க்குக் கீழ்தானே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக, அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் கர்ப்பப்பைக் கேன்சர். வெள்ளைப் பெண்களைவிட அவர்களுக்கு இது குறைவு என்று வெகுகாலம் நம்பப்பட்டது. கர்ப்பப்பையை ஏற்கெனவே அகற்றியவர்களையும் வகுக்கும் எண்ணில் சேர்த்ததால் வந்த பிழை அது. கறுப்பினப் பெண்களிடம் அந்த அறுவை சிகிச்சை அதிகம். கர்ப்பப்பை இருப்பவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டதும் அந்த வித்தியாசம் மறைந்தது. இறப்பிலோ அவர்களுடைய விகிதம் சுமார் இரண்டு மடங்கு. இதையும் எடைதான் காரணம் என்று முடித்துவிடுகிறார்கள். ஆனால் அவர்களிடம் அதிகம் காணப்படும் முரட்டு வகைகளுக்கு எடையோடு உள்ள தொடர்பு மற்ற வகைகளைவிடப் பலவீனமானது. தாமதமாகக் கண்டுபிடிப்பதும் சிகிச்சையில் உள்ள ஏற்றத்தாழ்வும் அந்த விளக்கத்தில் காணாமலே போகின்றன. மெனோபாஸுக்குப் பிறகு இந்தக் கேன்சர் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு முதலில் ரத்தக்கசிவு இருக்கும். ஒல்லியோ குண்டோ, எந்த இனமோ, மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி தெரிந்தாலும் டாக்டரிடம் போங்கள், எடையைப் பற்றி மட்டும் பேசி அனுப்பிவிட்டால் இன்னொரு டாக்டரிடம் போங்கள்.