எல்பார் மெமரி: மேக்சிமம் எண்ணைப் பார்த்துப் போடுங்கள்

ஐபிஎம் பவர் சர்வரில் புதிதாக ஒரு எல்பார் (ஒரே சர்வரைப் பிரித்து, தனி சர்வர் போல ஓடவைக்கும் ஒரு பகுதி) உருவாக்கும்போது, சர்வரை நிர்வகிக்கும் கன்சோலான எச்எம்சி அதன் மெமரிக்கு மூன்று எண்களைக் கேட்கும்: மினிமம், டிசையர்டு (வேண்டிய அளவு), மேக்சிமம். "பின்னாடி தேவைப்படும்" என்று பலரும் மேக்சிமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடுகிறார்கள். மெமரி அங்கேதான் வீணாகிறது. எல்பார்களுக்கு மெமரியைப் பங்கிடும் ஹைப்பர்வைசர், மெமரியில் எது எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்க ஒவ்வொரு எல்பாருக்கும் ஒரு பேஜ் டேபிள் ஒதுக்கும். டிசையர்டு எவ்வளவு என்று அது பார்ப்பதில்லை, மேக்சிமத்தைத்தான் பார்க்கும்.

பவர்7 தலைமுறை சர்வர்கள் வரை பேஜ் டேபிள் அளவுக்குக் கணக்கு இதுதான்: மேக்சிமத்தை 64-ஆல் வகுங்கள். விடை 1, 2, 4, 8 என்ற வரிசையில் இல்லாவிட்டால் அடுத்த எண்ணுக்கு ஏற்றுங்கள். பவர்8 முதல் எல்பாரில் ஓடும் ஓஎஸ் ஏஐஎக்ஸ் அல்லது லினக்ஸ் என்றால் வழக்கமாக 128-ஆல் வகுக்க வேண்டும். ஐபிஎம் ஐ ஓஎஸ்-க்கு அதே 64.

ஒரு பவர்7 பெட்டியை எடுத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் எல்பாருக்கு டிசையர்டு 64 ஜிபி, மேக்சிமம் 256. பேஜ் டேபிளுக்கு 4 ஜிபி போச்சு. அப்ளிகேஷனுக்கு மேக்சிமம் 64, அதற்கு 1 ஜிபி. டெஸ்ட் எல்பாருக்கு 80 என்று போட்டிருக்கிறார்கள், 1.25 வருகிறது, ஆனால் 2 ஜிபி எடுத்துக்கொள்ளும். மொத்தம் 7 ஜிபி. அந்த 80-ஐ நான் விடவே மாட்டேன்: 128 போட்டாலும் அதே 2 ஜிபிதான், 64 போட்டால் பாதி. டேட்டாபேஸை 128-க்கும் டெஸ்டை 64-க்கும் இறக்கினால் மொத்தம் 4 ஜிபி. மூன்று ஜிபி சும்மா கிடைக்கிறது.

மற்ற எல்பார்களுக்கு டிஸ்க், நெட்வொர்க்கைப் பகிர்ந்து தரும் விஐஓஎஸ்-ஐயும் இதே கணக்கில் சேருங்கள், அதுவும் ஒரு எல்பார்தான். இதற்கு மேல் ஹைப்பர்வைசரின் சொந்தத் தேவையும், ஐஓ அடாப்டர்களுக்கான டேபிள்களும் உண்டு. அவற்றைக் கையால் கணக்குப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். எச்எம்சி-யில் சர்வர் ப்ராப்பர்ட்டீஸில், மெமரி பக்கத்தில் ஃபர்ம்வேருக்கு ஒதுக்கிய அளவு இருக்கும் (ஹைப்பர்வைசர் எடுத்ததும் இதில் அடக்கம்). எல்பாரை ஏற்றுவதற்கு (ஆக்டிவேட் செய்வதற்கு) முன்னும் பின்னும் அதைக் குறித்துக்கொண்டால் போதும்.

கையிருப்பு குறைந்தால் எல்பார் ஏறாமல் நிற்கும் என்று நினைக்காதீர்கள். மினிமம் கிடைத்தாலே ஏறிவிடும். 64 கேட்ட டேட்டாபேஸ் 61-உடன் ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். அதனால் ஏற்றியதும் உள்ளே போய் மெமரியைப் பாருங்கள்.

அப்புறம், மேக்சிமத்தை ஓடும்போது டிஎல்பார் (எல்பாரை நிறுத்தாமல் மெமரி போன்றவற்றை மாற்றும் வசதி) மூலம் மாற்ற முடியாது. எல்பாரின் அமைப்புகளைச் சேமித்திருக்கும் ப்ரொஃபைலில் திருத்தி, எல்பாரை முழுதாக ஷட்டவுன் செய்து, அந்த ப்ரொஃபைலில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். உள்ளிருந்து ரீபூட் செய்தால் பழைய எண்ணே நிற்கும். டவுன்டைம் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.