மனைவியைப் பின்னால் ஏற்றும் முன்

வண்டியைக் கிளப்பும் முன் குனிந்து பின்சக்கரத்தைப் பாருங்கள். புடவைத் தலைப்போ துப்பட்டாவோ அங்கே தொங்குகிறதா? சக்கரத்தின் ஆரக்கம்பியிலோ வண்டிச் செயினிலோ அது சிக்கிவிட்டால் ஆளையே கீழே இழுத்துப் போட்டுவிடும். தலைப்பை இழுத்து இடுப்பில் செருகச் சொல்லுங்கள். துப்பட்டாவைக் குறுக்காகப் போட்டு முடிச்சு. கழுத்தைச் சுற்றி மட்டும் வேண்டவே வேண்டாம். துணி சிக்காமல் பின்சக்கரத்தை மறைக்கும் சாரி கார்டை (saree guard) அழகுக்காகச் சிலர் கழற்றிவிடுகிறார்கள். பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கழற்றியிருந்தால் இந்த வாரமே மாட்டிவிடுங்கள்.

இரண்டு கால்களையும் இருபக்கம் போட்டு உட்காருவதுதான் நல்லது. புடவையில் அது முடியாது, சரி. அப்படியானால் ஒரு கை உங்கள் தோளில், இன்னொன்று பின்கம்பியில் இருக்கட்டும். மடியில் காய்கறிப் பை வேண்டாம், அதை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறம் டயர் காற்று. தனியாகப் போக ஒரு அளவு, இருவருக்கு ஒரு அளவு என்று பெரும்பாலான வண்டிகளில் செயின் கவர் பக்கம் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். பின்டயருக்கு இருவர் அளவையே பிடியுங்கள். பிரேக்கையும் கொஞ்சம் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். எடை கூடினால் வண்டி நிற்க நேரமாகும். திடீரென்று பிடித்தால் அவர் ஹெல்மெட் உங்கள் ஹெல்மெட்டில் டொக்கென்று மோதும்.

ஆமாம், அவருக்கும் ஹெல்மெட் உண்டு. சட்டப்படி இருவருக்குமே கட்டாயம். மீறினால் அபராதம் 1,000 ரூபாய். உங்களுடைய பழைய, தொளதொள ஹெல்மெட்டைத் தள்ளிவிடாமல், கடைக்குக் கூட்டிப்போய் அவர் தலைக்குப் பொருந்துவதாக வாங்கிக்கொடுங்கள்.