பழைய காரில் ஷார்ட் தேடும்போது செய்யக்கூடாதவை

ஃப்யூஸ் போனதும் அதைவிடப் பெரிய ஃப்யூஸைச் செருகுவதுதான் இருப்பதிலேயே மோசமான தவறு. "அண்ணா, 15 நிக்கல, 30 போட்டுடலாம்" என்று கடைப் பையன் சொன்னால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். அந்த வயர் சூடேறாமல் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று பார்த்துத்தான் ஃப்யூஸ் அளவு வைத்திருக்கிறார்கள். நீல நிற 15 ஆம்ப் இருந்த இடத்தில் பச்சை 30 போனால், ஃப்யூஸுக்குப் பதிலாக வயர் உருகும். அதுவும் டேஷ்போர்டுக்குள், பிளாஸ்டிக்கும் பஞ்சும் இருக்கிற இடத்தில். ஒரு வயர் உருகினால் கொத்தில் கூட ஓடும் வயர்களின் தோலும் போய்விடும். ஃப்யூஸில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளோ செம்புக் கம்பியோ சுற்றுவது இன்னும் ஆபத்து, அவற்றுக்கு எல்லையே கிடையாது.

அடுத்தது, நோயைப் பிரித்துப் பார்க்காமல் இறங்குவது. ஃப்யூஸ் போட்ட உடனே எரிந்தால் அது ஷார்ட், அதாவது கரண்ட் வயர் எங்கோ பாடியைத் தொடுகிறது. ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் எங்கோ கரண்ட் கசிகிறது. டிக்கி விளக்கு அணையாமல் இருக்கலாம், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடு போயிருக்கலாம், பேட்டரியே கிழடாகி இருக்கலாம். விளக்கு மங்கலாக எரிந்தால் பெரும்பாலும் எர்த், அதாவது பாடியோடு சேரும் இணைப்பு, துருப்பிடித்திருக்கும். ஹார்ன் தானாக அலறினால்கூட பல வண்டிகளில் ஃப்யூஸ் போகாது. அவற்றில் ஹார்ன் பட்டன் எர்த் பக்கம் இருக்கிறது, ஸ்டியரிங் தண்டுக்குள் அந்த வயர் உரசி பாடியைத் தொட்டால் பட்டன் அமுக்கிய மாதிரிதான்.

மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்துத் தேடுகிறவர்கள் ஒரு இடத்தில் கட்டாயம் ஏமாறுவார்கள். 55 வாட் ஹெட்லைட் பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓம் கூட இருக்காது. பல்பைக் கழற்றாமல் வயரைச் சோதித்தால் மீட்டர் பீப் அடிக்கும், நல்ல வயரை ஷார்ட் என்று நினைத்து அறுத்துவிடுவோம்.

மீட்டரைவிட எனக்கு நம்பிக்கை ஒரு 21 வாட் பல்பு மேல்தான். பிரேக் லைட்டுக்குப் போடுகிற சாதாரண பல்பு, ஒரு ஹோல்டர், இரண்டு வயர். ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு அதன் இரண்டு முனைகளிலும் இதை மாட்டுங்கள். முழு ஷார்ட் இருந்தாலும் இந்த வழியாகச் சுமார் 1.75 ஆம்ப்தான் போகும், அதனால் வயர் சூடாகாது, ஃப்யூஸ் ஒவ்வொன்றாகத் தீர்க்கவும் வேண்டாம். அந்த லைனில் உள்ள விளக்கு, மோட்டார்களைக் கழற்றிய பிறகும் பல்பு பளிச்சென்று எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறது. மங்கலாக எரிந்தால் கழற்றாமல் விட்ட ஏதோ ஒரு விளக்கோ மோட்டாரோ வழியாகக் கரண்ட் போகிறது, அதையும் கழற்றிவிட்டுப் பாருங்கள். இப்போது அந்த ஃப்யூஸில் ஓடும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எதைப் பிரித்ததும் பல்பு அணைகிறதோ, கோளாறு அதற்கு அப்பால் இருக்கிறது. அங்கிருந்து வயர் கொத்தைக் கையால் மெதுவாக ஆட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் பல்பு மின்னும். பிரேக் மிதித்தால் மட்டும் ஃப்யூஸ் போகிறதென்றால் யாரையாவது பெடலை மிதிக்கச் சொல்லி வைத்துக்கொண்டு, பிரேக் சுவிட்சுக்குப் பின்னால் மட்டும் தேடினால் போதும்.

தேடலை டேஷ்போர்டைக் கழற்றித் தொடங்காதீர்கள். பின்னாளில் யார் எதைச் சேர்த்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பாட்டு செட், ஃபாக் லேம்ப், ரிமோட் லாக், ரிவர்ஸ் கேமரா. முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே முதலில் கை வையுங்கள். அப்புறம் வயர் மடங்குகிற, உரசுகிற இடங்கள்: கதவுக் கீல், மாருதி 800-இன் பின் கதவு, என்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே நுழையும் ஓட்டையின் ரப்பர் வளையம். ஏலகிரி மலையில் வளைந்து வளைந்து ஏறும்போது மட்டும் ஃப்யூஸ் போகிறது என்றால் ஸ்டியரிங்கோடு அசையும் இண்டிகேட்டர் வயரைப் பாருங்கள்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரி தாண்டுவது சாதாரணம். மூடிய பானட்டுக்குள் அதைவிட எவ்வளவோ அதிகம். இருபது முப்பது வருட வயரின் தோல் அங்கே காய்ந்து விறைத்து, மடக்கினால் பொரிந்து விழும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி, டேப் தானாகக் கழன்று தொங்கும். சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ வாரக்கணக்கில் எடுக்காமல் நிறுத்திய வண்டி என்றால் எலி கடித்த தடமும் இருக்கலாம். அதனால் ஒட்டுப்போடும்போது ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். உரசிய ஓட்டையில் ரப்பர் வளையம் மாட்டாமல் விட்டால் அதே இடத்தில் மறுபடி வெட்டும்.

சோதிக்கிறேன் என்று நல்ல வயரின் தோலில் குண்டூசி குத்துவதும் வேண்டாம். அந்த ஓட்டையில் மழைத் தண்ணீர் இறங்கி உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும்.

பழைய அம்பாசடர்களில் ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே இல்லாத வண்டிகள் உண்டு. அங்கே ஷார்ட் ஆனால் முதலில் வருவது புகைதான். அந்த லைனில் தேடும்போது நெகட்டிவைக் கழற்றி, அந்தக் கேபிளுக்கும் பேட்டரி முனைக்கும் நடுவே அதே 21 வாட் பல்பை மாட்டிக்கொள்ளுங்கள். பேட்டரியில் எப்போதும் பாடியோடு சேரும் முனையைத்தான், பெரும்பாலும் அது நெகட்டிவ், முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் அதுவே பெரிய ஷார்ட்.

வயரைச் சரிசெய்த பிறகும் ஃப்யூஸ் இடத்தில் மாட்டிய சோதனை பல்பை உடனே எடுக்காதீர்கள். கதவைத் திறந்து மூடி, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, என்ஜினை ஓடவிட்டு ஒருமுறை பாருங்கள். பல்பு மின்னவில்லை என்றால் ஃப்யூஸ் பெட்டி மூடியில் எழுதியிருக்கிற அதே அளவு ஃப்யூஸைப் போடுங்கள். அவசரத்துக்குப் பேட்டரியைக் கழற்ற, டேஷ்போர்டு டிராயரில் பேட்டரி முனைக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்றைக் கொஞ்ச நாளைக்கு வைத்திருங்கள், பெரும்பாலும் பத்தாம் நம்பர் சரியாக இருக்கும்.