குளத்து மண்ணில் கிண்ணம்: சக்கரம் இல்லாமல் வனைந்து குழியில் சுடும் முறை

கோடையில் வற்றிய குளத்தில் வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் இடத்தில் மண் தேடத் தொடங்கலாம். உரியவர்களின் அனுமதியோடு ஒரு வாளி எடுத்தால் போதும். ஈர மண்ணைப் பென்சில் பருமனில் உருட்டி விரலில் சுற்றும்போது வெடிப்பு விடாமல் வளைந்தால் அது வனைவதற்கு உதவும். கரிசலும் அழகாக வளையும், ஆனால் காயும்போது மிகுதியாகச் சுருங்கிப் பிளக்கும் என்பதால் புதியவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

மண்ணைக் காயவைத்துப் பொடித்து நீரில் ஊறவைத்து, கரைசலைச் சல்லடையில் வடித்து, தெளிந்த நீரை இறுத்த பின் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிடுங்கள். சுக்கான்கல் (மண்ணில் கலந்திருக்கும் சுண்ணாம்புக் கல்) துணுக்கு ஒன்று தங்கினாலும், அது நெருப்பில் சுட்ட சுண்ணாம்பாகிப் பின்னர் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பி, கிண்ணத்தின் சுவரைப் பெயர்த்துவிடும். நான்கு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சலித்த மணல் சேர்த்துப் பிசையுங்கள். சோதனைக்காகத் தட்டிய வில்லையில் 10 செ.மீ. கோடு கீறிக் காயவிடுங்கள். கோடு 9 செ.மீ.க்கும் குறைந்தால் இன்னும் மணல் வேண்டும்.

உள்ளங்கையில் அடங்கும் கிண்ணமே முதல் முயற்சிக்குப் போதும். மண்ணைத் திரிகளாக உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி, இடைவெளி தெரியாமல் தேய்த்து, சுவரை ஒரே கனத்தில் கொண்டுவந்து, பாதி காய்ந்ததும் கூழாங்கல்லால் மெருகிடுங்கள்.

பிறகு பத்து நாள் நிழலில் காய வேண்டும். அவசரக்காரர்களின் கிண்ணம் உடைவது இங்கேதான். தங்கிய ஈரம் நெருப்பில் ஆவியாகிச் சுவரைப் பிளக்கிறது. கன்னத்தில் வைத்தால் குளிர்ச்சி தெரியும்வரை அது காயவில்லை. சுடும் நாளிலும் தணல் அருகே இரண்டு மணி நேரம் திருப்பித் திருப்பி வைத்துச் சூடேற்றுங்கள்.

முழங்கால் ஆழக் குழியில் உமி பரப்பி, கிண்ணத்தைக் கவிழ்த்து, சோதனை வில்லையையும் உடன் வைத்து, சுற்றிலும் மேலும் வரட்டியும் சுள்ளியும் அடுக்கி, வெப்பம் மெல்ல இறங்கும்படி மேலிருந்து பற்றவையுங்கள். வெப்பம் 600 பாகை செல்சியஸைத் தாண்டினால்தான் களிமண் மீண்டும் நீரில் கரையாத நிலையை அடையும். காற்றுப் பட்ட பக்கம் இரும்புச் சத்தால் சிவக்கும். உமிக்குள் புதைந்த வாயும் உட்புறமும் கரி ஏறிக் கறுக்கும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகள் இப்படிக் கவிழ்த்துச் சுடப்பட்டவை என்பது பரவலான விளக்கம்.

மறுநாள் காலை சாம்பல் ஆறிய பின்னரே எடுங்கள். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். சந்தேகமிருந்தால், உடன் சுட்ட அந்த வில்லையை இரவு முழுதும் நீரில் போட்டுப் பாருங்கள். அது குழைந்தால் கிண்ணத்தை மறுபடியும் சுட வேண்டும்.