கண்மாயை நினைவிலிருந்து வரைவது எப்படி

முதலில் செல்போனை அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். எங்கள் ஊர்க் கண்மாயை முதல் தடவை நான் போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தேன். கரை, பனைமரம், தண்ணீர் எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன. காலண்டர் படம் மாதிரி இருந்தது. நான் நீச்சல் பழகிய கண்மாய் அதில் இல்லை.

அரூப ஓவியத்துக்கு, அதாவது பார்த்ததை அப்படியே வரையாமல் வடிவமும் நிறமுமாக மாற்றும் ஓவியத்துக்கு, போட்டோவைவிடச் சொற்கள் உதவும். இதை அச்சு ஓவியர் ஸரீனா ஹஷ்மியிடமிருந்துதான் எடுத்துக்கொண்டேன். 1937ல் அலிகாரில் பிறந்து, ஊர் ஊராக வாழ்ந்து, 2020ல் லண்டனில் இறந்தவர். விட்டுவந்த வீட்டைப் பற்றி 1999ல் 36 மரக்கட்டை அச்சுகள் செய்தார். வாசற்படி, எல்லை என்று ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல். சொல்லுக்குப் பக்கத்தில் சில கோடுகள், அவ்வளவுதான்.

ஒரு நோட்டில் பத்துச் சொல் எழுதுங்கள். அழகு, ஏக்கம் எல்லாம் வேண்டாம், அவற்றுக்கு நிறம் கிடையாது. என் பட்டியலில் மடை (தண்ணீர் திறந்துவிடும் மதகு), கலுங்கு (நிறைந்தால் தண்ணீர் வழிந்தோடும் இடம்), கரம்பை (கண்மாய் மண்), எருமை முதுகு, சீமைக்கருவேலம் இருந்தன. ஒவ்வொரு சொல்லுக்கும் உள்ளங்கையளவு தாளில் ஒரு வடிவம், ஒரு நிறம். இரண்டு நிமிடத்துக்கு மேல் யோசிக்காதீர்கள். மடை எனக்குக் கறுப்புச் சதுரமாக வந்தது. சின்ன வயதில் அதற்குள் எட்டிப் பார்க்கவே பயம். கலுங்கு, குட்டையான வெள்ளைக் கீற்று. பத்தில் மூன்று தேறினால் போதும், ஓவியத்துக்குள் போவது அவைதான்.

அடுத்தது பலகை. மண் பூசப்போகிறீர்கள் என்றால் கேன்வாஸ் வேண்டாம். துணி தளர்ந்து அசையும்போது மண் உதிரும். 12 மி.மீ. பிளைவுட் வாங்கி, ஜெஸ்ஸோ (வண்ணம் பிடிக்க அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள்.

மண்ணில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஊரிலிருந்து ஒரு பை கரம்பை கொண்டுவந்து (பாட்டி தலைக்குத் தேய்த்துக் குளித்த அதே மண்), தண்ணீரில் குழைத்து அரை அங்குலத்துக்கு அப்பினேன். மூன்றாம் நாள் பாளம் பாளமாக வெடித்துத் தரையில் கிடந்தது. கரம்பை களிமண், காயும்போது சுருங்கத்தான் செய்யும். இப்போது பழைய வேட்டியில் சலித்து, தண்ணீருக்குப் பதில் அக்ரிலிக் மீடியத்தில் (நிறமில்லாத அக்ரிலிக் பசை) குழைத்து, தோசைக்கல்லில் மாவு இழுப்பதுபோல மெல்லிசாக இழுக்கிறேன். வெடிப்பு வேண்டிய இடத்தில் மட்டும் கொஞ்சம் தடிப்பாக. செம்மண் இவ்வளவு படுத்தாது.

வண்ணத்தைக் காலவரிசையில் ஏற்றுங்கள். என் பலகையில் அடியில் நீர் நிறைந்த வருஷங்களின் பாசிப் பச்சை. அதன்மேல் வறண்ட வருஷங்களின் மண். எல்லாவற்றுக்கும் மேலே சீமைக்கருவேலத்தின் சாம்பல் பச்சை, ஏனென்றால் இன்றைக்குக் கண்மாயில் இருப்பது அதுதான். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் காயவிடுங்கள். எண்ணெய் வண்ணம் போட ஆசையென்றால் கடைசியில் போடுங்கள். அதன்மேல் அக்ரிலிக் பிடிக்காது.

இனி சுரண்டல். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, 120ஆம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். மேலே உள்ள பச்சை போய் மண் வரும், மண்ணும் போய் அடியில் இருக்கும் தண்ணீர் வரும். அந்தப் பாசி நிறம் தலைகாட்டியதும் எல்லா இடத்தையும் தேய்க்கக் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். நான் மூன்றே இடத்தில் நிறுத்தினேன், மற்றது மூடியே கிடக்கட்டும் என்று.

இடையிடையே பலகையை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். குறுக்கே ஒரு நீளக் கோடு விழுந்துவிட்டால் கண் உடனே மேலே வானம், கீழே நிலம் என்று பிரித்துவிடும், மறுபடியும் காலண்டர்தான்.

முடித்ததை அம்மாவிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வெள்ளைக் கீற்றில் விரலை வைத்தார். "கலுங்கை ஏன்டா கிழக்க போட்டிருக்க? அது தெக்கால இருக்கு." நான் மாற்றவில்லை. பலகையின் பின்பக்கம் பென்சிலால் 'தெற்கு' என்று எழுதி வைத்திருக்கிறேன்.