பிளாஸ்டிக் பாகத்தை அளவு மாறாமல் வெட்டி எடுப்பது எப்படி: ஒரு அசெட்டல் பிளாக்கை வைத்து ஆரம்பப் பாடம்

இரும்பும் அலுமினியமும் வெட்டிப் பழகியவர்கள் பிளாஸ்டிக் துண்டை மெஷினில் ஏற்றும்போது "இது சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று நினைப்பது வழக்கம். வெட்டுவது சீக்கிரம் முடியும்தான். ஆனால் மாலையில் வெட்டிய அளவு மறுநாள் காலையிலும் அப்படியே இருக்குமா என்பதில்தான் இந்த வேலையின் முழுக் கஷ்டமும் இருக்கிறது.

எனக்கு இது முதல் ஆர்டரிலேயே தெரிந்துவிட்டது. 32 மிமீ வெளிவிட்டம் உள்ள பேரிங் உட்காரும் பத்து பிளாக்குகள். வெட்டி முடித்த கையோடு மெஷினிலேயே அளந்தேன், துளை சரியாக 32.00 மிமீ. மறுநாள் காலையில் அதே துளை 31.95. கட்டைவிரலால் அழுத்தினாலே உட்கார வேண்டிய பேரிங் வாயிலேயே நின்றுவிட்டது. பத்தும் வீண். மெஷினில் ஒரு குறையும் இல்லை, சூடாக இருந்தபோது அளந்ததுதான் தவறு. அதே பிளாக்கையே இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்: 100 × 60 × 25 மிமீ, நடுவில் 32 மிமீ பேரிங் துளை, மூலைகளில் எம்6 போல்ட் போக நான்கு துளைகள்.

முதலில் சூட்டைப் புரிந்துகொள்ளுங்கள்

அசெட்டல், அதாவது கடைகளில் டெல்ரின் என்று கேட்டு வாங்கும் பிஓஎம், ஒரு டிகிரி சூடேறினால் 100 மிமீ நீளத்துக்குச் சுமார் 0.011 மிமீ நீளும். பத்து டிகிரி ஏறினால் 0.11 மிமீ. அதே நீள இரும்பு பத்து டிகிரிக்கு 0.012 மிமீதான் நீளும். என்னுடைய 32 மிமீ துளையில் நடந்ததும் இந்தக் கணக்குதான்: 15 டிகிரி சூட்டில் அது சுமார் 0.05 மிமீ பெரிதாகியிருந்தது, ஆறியதும் அந்த 0.05 திரும்பச் சுருங்கிவிட்டது.

இரும்பில் வெட்டும் இடத்தில் பிறக்கும் சூடு ஜாப் (வெட்டப்படும் துண்டு) முழுக்கப் பரவி, வைஸ் (அதைப் பிடித்திருக்கும் இடுக்கி) வழியாகக்கூட வெளியே போய்விடும். பிளாஸ்டிக் சூட்டைக் கடத்துவது இரும்பைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவு. அதனால் சூடு வெட்டிய இடத்திலேயே தங்கிவிடுகிறது, அதை வெளியே கொண்டுபோக ஒரே வழி சுருளாக வெளியேறும் சீவல்தான். இனி நான் சொல்லும் டூல், வேகம், காத்திருப்பு எல்லாம் இந்த ஒரு விஷயத்தை ஒட்டித்தான் வருகின்றன.

பொருளைத் தேர்வு செய்வது

முதல் ஜாப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அசெட்டல் எடுங்கள், அதிலும் கோபாலிமர் வகை. இன்னொரு வகையான ஹோமோபாலிமர் கொஞ்சம் கூடுதல் வலுவானது, ஆனால் தடிமனான ராடிலும் பிளேட்டிலும் நட்ட நடுவில் நுண்துளைகள் இருப்பது உண்டு. நடுவிலேயே பேரிங் துளை போடும் நமக்கு அது வேண்டாம்.

நைலான் நல்ல உழைப்பாளி, ஆனால் தண்ணீர் குடிக்கும். நைலான் 6 சாதாரண அறைக்காற்றிலேயே தன் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அப்போது 100 மிமீ நீளம் அரை மில்லிமீட்டருக்கும் மேல் வளரலாம். உலர்ந்த நைலானில் 0.05 மிமீ டாலரன்ஸ் (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) போட்டு டிராயிங் வந்தால், வெட்டத் தொடங்கும் முன்பே கேட்டவரிடம் பேசிவிடுங்கள். பிடிஎஃப்இ, அதாவது டெஃப்லான், மிகவும் மென்மை, போதாததற்கு 19 டிகிரியை ஒட்டி அதன் உள் அமைப்பே மாறிப் பருமன் ஒரு சதவீதத்துக்கு மேல் கூடும். பீக் (PEEK) என்ற பிளாஸ்டிக் இந்த எல்லோரையும்விட அளவு மாறாமல் அடக்கமாக நிற்கும், விலைதான் அதிகம், கை பழகாமல் தொட வேண்டாம்.

டூல்

இரும்பை ஒருமுறை தொட்ட டூலை பிளாஸ்டிக்குக்கு எடுக்காதீர்கள். கண்ணுக்குக் கூராகத் தெரியும், ஆனால் முனை லேசாக மழுங்கியிருக்கும், அது வெட்டாமல் தேய்க்கும், தேய்ப்பதுதான் சூடு. கோட்டிங் இல்லாத, பாலிஷ் செய்த கார்பைடு எண்ட் மில் (சுழன்று வெட்டும் டூல்), இரண்டு புளூட் (சீவல் வெளியேறும் பள்ளம்) அல்லது ஒரே புளூட். நான்கு புளூட் வைத்தால் சீவல் வெளியேற இடமில்லாமல் உள்ளேயே உருகி ஒட்டிக்கொள்ளும். பிளாஸ்டிக் டூலுக்கென்று தனிப் பெட்டி வைத்து, அதிலிருந்து யாரும் எடுக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பது

வைஸில் இரும்பைப் பிடிப்பது போல இறுக்கினால் பிளாக் உள்ளே அமுங்கும். அமுங்கிய நிலையில் வட்டமாக வெட்டிய துளை, வைஸைத் தளர்த்தியதும் முட்டை வடிவமாகிவிடும். மென்மையான ஜாஸ் (வைஸின் பிடிப்புத் தாடைகள்) போட்டு, பிடிப்பு அகலமாகப் பரவும்படி, ஜாப் நகராத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். லேத்தில் என்றால் மூன்று இடத்தில் மட்டும் பிடிக்கும் மூன்று ஜா சக்கைவிட சுற்றிலும் சீராகப் பிடிக்கும் காலட் நல்லது. மெல்லிய தகடுக்கு வேக்யூம் டேபிள், அது இல்லையென்றால் நல்ல இரட்டைப் பக்க டேப்.

ரஃப்பிங் (முதல் தோராய வெட்டு), அப்புறம் காத்திருப்பு

இதைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும், ஆனால் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். பிளேட்டும் ராடும் தயாராகும்போது வெளித்தோல் முதலில் ஆறி, உள்பகுதி பிறகு ஆறுவதால் உள்ளே ஒரு இழுவிசை அடைபட்டிருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாகச் சீவினால் அந்த இழுவிசையின் சமநிலை குலைந்து பிளாக் வளைந்துவிடும். அதனால் 30 மிமீ தடிமன் பிளேட்டை 25 ஆக்குவதற்கு ஒரே பக்கத்தில் 5 மிமீ எடுக்காமல், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி ஏறத்தாழ சமமாக எடுங்கள்.

எல்லாப் பக்கமும் 0.5 மிமீ மிச்சம் வைத்து ரஃப் செய்யுங்கள், துளையை 31 மிமீ வரை மட்டும் கொண்டுவாருங்கள். பிறகு மெஷினிலிருந்து இறக்கி, காற்று எல்லாப் பக்கமும் படும்படி நிறுத்தி ஒரு நாள் விட்டுவிடுங்கள். வளைய வேண்டியது இப்போதே வளைந்துவிடட்டும், அதை எடுக்கத்தான் அந்த 0.5 மிமீ இருக்கிறது.

வேகமும் ஃபீடும்

கணக்கு எளிது. வெட்டும் வேகம் நிமிடத்துக்கு 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், 8 மிமீ எண்ட் மில். 200-ஐ 1000-ஆல் பெருக்கி, 3.14-ஆலும் 8-ஆலும் வகுத்தால் கிட்டத்தட்ட 8000 ஆர்பிஎம். ஒரு பல்லுக்கு 0.12 மிமீ, இரண்டு பல் (ஒரு புளூட்டுக்கு ஒரு பல்), 8000 சுற்று: நிமிடத்துக்கு 1920 மிமீ ஃபீட், அதாவது டூல் முன்னேறும் வேகம்.

புதியவர்கள் பயந்துபோய் ஃபீடை 400, 500 என்று குறைத்துவிடுகிறார்கள். சுற்று அப்படியே இருக்க ஃபீடை மட்டும் குறைத்தால் பல் வெட்டாது, ஒரே இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், சீவலுக்குப் பதில் மாவு போல வரும், பிறகு ஓரம் உருகிப் பளபளக்கும். சீவல் நல்ல பருமனாக, கையில் எடுத்தால் கொதிக்காமல் (ஸ்பிண்டில் முழுதாக நின்ற பிறகு எடுத்துப் பாருங்கள்) இருந்தால் சரியான வழியில் போகிறீர்கள். பயமாக இருந்தால் ஃபீடையும் சுற்றையும் சேர்த்தே குறையுங்கள்.

குளிர்விக்க அழுத்தக் காற்றே போதும், சீவலையும் அதுவே தள்ளிவிடும். அசெட்டலுக்குத் தண்ணீரில் கலக்கும் கூலன்ட் ஊற்றினாலும் பரவாயில்லை. பாலிகார்பனேட்டிலும் அக்ரிலிக்கிலும் மட்டும் கவனம்: பொருந்தாத கட்டிங் ஆயிலோ கரைப்பானோ பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துத் துளையைச் சுற்றி மயிரிழை போல விரிசல் ஓடும். அக்ரிலிக்கை ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதும் கூடாது.

துளைகள்

டிரில் செய்யும்போதுதான் சூடு அதிகம் சிக்கும், ஏனென்றால் சீவல் வெளியேற இருக்கும் ஒரே வழி அந்தக் குறுகிய பள்ளம். 5 அல்லது 6 மிமீ இறங்கியதும் டிரில்லை முழுதாக வெளியே எடுத்து, சீவலை ஊதித் தள்ளிவிட்டு மறுபடி இறங்குங்கள். கீழே ஒரு கழிவுத் துண்டை வைத்தால் மறுபக்கம் பிய்ந்து வராது. வெட்டிய துளை டிரில்லின் அளவைவிட மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு சிறிதாக வரும், பிளாஸ்டிக் கொஞ்சம் விலகிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருவதால். போல்ட் சும்மா நுழையும் துளைக்கு அது ஒரு பொருட்டில்லை, டவல் பின் (பாகத்தை இடம் மாறாமல் நிறுத்தும் ஊசி) உட்காரும் துளை என்றால் சிறிதாகப் போட்டுப் பிறகு போரிங் செய்து அளவுக்குப் பெரிதாக்குங்கள். அடிக்கடி கழற்றி மாட்டும் மரை என்றால் பித்தளை இன்சர்ட் (உள்ளே பதிக்கும் மரைக் குழல்) வைத்துவிடுவது நல்லது.

ஃபினிஷிங்

ஒரு நாள் இருந்த பிளாக்கை எடுத்துச் சமதளத்தில் வைத்து, அடியில் மெல்லிய காகிதம் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் வளைந்திருக்கிறது. அதை கிளாம்ப் போட்டு அமுக்கி நேராக்கி வெட்டாதீர்கள், கிளாம்பை எடுத்ததும் பழைய வளைவு அப்படியே திரும்பி வந்துவிடும். இயல்பாக எப்படி உட்காருகிறதோ அப்படியே பிடித்து ஒரு முகத்தை லேசாகச் சீவி, அந்த முகத்தை ஆதாரமாக வைத்து மற்றதை முடியுங்கள்.

பேரிங் துளையில் கடைசி 0.2 மிமீயைத் தொடும் முன் நிறுத்துங்கள். டீ குடித்துவிட்டு வந்தாலும் சரி, வேறு ஜாப் பார்த்தாலும் சரி, பிளாக் கைக்கு அறையின் குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டும். அப்புறம் கூரான புது டூல், ஒரே சீரான வெட்டு.

பிசிறு எடுக்க அரத்தை எடுக்காதீர்கள், கூரான பிளேடு போதும். அசெட்டலில் பிசிறு சுத்தமாக உதிர்ந்துவிடும், நைலானில் நூல் நூலாகத் தொங்கும், பொறுமையாக அறுத்தெடுக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கை. அசெட்டல் தீப்பிடித்தால் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு வாயு வரும், மூக்கைக் குத்தும் நெடி வந்தால் உடனே மெஷினை நிறுத்துங்கள். பிடிஎஃப்இ வெட்டும் இடத்தில் புகை பிடிக்கவே கூடாது, அதன் தூள் சிகரெட் நெருப்பில் பட்டு உள்ளே போனால் காய்ச்சல் வரும்.

அளப்பது

பிளாஸ்டிக்கைப் பொதுவாக 23 டிகிரியில், 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்துச் சோதிப்பார்கள். டிராயிங்கில் எந்த வெப்பநிலையில் அளக்க வேண்டும் என்று இல்லாவிட்டால் ஆர்டர் கொடுத்தவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். வெர்னியரைக் கட்டைவிரலால் அழுத்தினால் பிளாஸ்டிக் அமுங்கிப் பொய் அளவு காட்டும், லேசாகத் தொட்டால் போதும். டாலரன்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை: இந்த அளவுள்ள அசெட்டலில் கூட்டியோ குறைத்தோ 0.05 மிமீ என்பது கவனமாகச் செய்தால் எட்டக்கூடியது, 0.01 கேட்டால் அறையின் ஏசி ஓடுகிறதா இல்லையா என்பதே அதைத் தீர்மானித்துவிடும்.

துளைக்கு பிளக் கேஜ் (இரு முனையிலும் இரு அளவுள்ள, துளைக்குள் விட்டுப் பார்க்கும் உருளை) வைத்துக்கொள்ளுங்கள். நம் டிராயிங்கில் 32.00 முதல் 32.05 வரை என்றால் 32.03-ஐக் குறிவைத்து வெட்டுங்கள். கேஜையும் பிளாக்கையும் ஒரே அறையில் இரவு முழுக்க வைத்து, காலையில் முதல் வேலையாகப் போட்டுப் பாருங்கள். 32.00 முனை தடையில்லாமல் இறங்கி, 32.05 முனை வாயிலேயே நின்று, அதன் பிறகு பேரிங் கட்டைவிரல் அழுத்தத்தில் உட்கார்ந்தால், அந்தப் பிளாக்கை பேக் செய்யலாம்.